குற்றப்பத்திரிகை வந்துவிட்டதா? நெல்லைச் சீமையில் முதன்முதலாகக் கோர்ட் படி ஏறுகிறவர்களுக்கு

"கேஸ் போட்டுட்டாங்க" என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் அதற்கு நாலு அர்த்தம் இருக்கலாம். ஸ்டேஷனில் யாரோ மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கலாம். போலீஸ் விசாரித்து முடித்து, குற்றப்பத்திரிகையைக் கோர்ட்டில் தாக்கல் செய்திருக்கலாம். அல்லது நீதிபதியே குற்றச்சாட்டைப் பதிவு செய்து வழக்கை நடத்தத் தொடங்கியிருக்கலாம். தன் வழக்கு இந்த நாலில் எதில் நிற்கிறது என்று தெரியாமலேயே நாங்குநேரியிலும் அம்பாசமுத்திரத்திலும் பாளையங்கோட்டையிலும் வாய்தாவுக்கு வந்து போகிறவர்கள் ஏராளம். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிய கெடுதல், கேட்கக் கூடாத நேரத்தில் ஜாமீனைக் கேட்பதும், சொல்லக் கூடாத நேரத்தில் "ஆமாய்யா, செஞ்சேன்" என்று சொல்லிவிடுவதும்தான். அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க இதைப் படியுங்கள். துணைக்கு வருகிற அண்ணன் தம்பிக்கும் படிக்கக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. கோர்ட்டில் பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ். என்பார்கள். சம்பவம் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்திருந்தால் குற்றப் பிரிவுகள் பழைய ஐ.பி.சி. (இந்தியத் தண்டனைச் சட்டம்) எண்ணிலேயே இருக்கும். கீழே நான் சொல்வது புதிய எண்கள்.

முதல் வேலை: கையில் இருப்பது எந்தத் தாள்?

சி.எஸ்.ஆர். என்று எழுதி வரிசை எண் போட்டிருந்தால் அது மனு ரசீது. புகார் வந்ததைப் பதிந்துகொண்டதற்கு அடையாளம், அவ்வளவுதான். அதில் யார் மீதும் வழக்கு இல்லை.

எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை, பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவின்படி பதிவாவது. அதற்குக் குற்ற எண் உண்டு. புகார் கொடுத்தவர் சொன்னதை அப்படியே எழுதி வாங்கிய தாள் அது. இன்னும் யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். உங்கள் பெயர் அதில் இருந்தால், ஒருவர் உங்கள் மேல் புகார் சொல்லியிருக்கிறார் என்பதற்கு மேல் அதற்கு எடை கிடையாது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்தில் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே எஃப்.ஐ.ஆர். காப்பிக்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். தமிழ்நாடு காவல்துறை தளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், குற்ற எண், ஆண்டு போட்டால் கிடைக்கும்.

மூன்றாவதுதான் குற்றப்பத்திரிகை. சார்ஜ் ஷீட் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். விசாரணை அதிகாரி சாட்சிகளை விசாரித்து, மகஜர் (சம்பவ இடத்தையோ பொருளையோ சாட்சிகள் முன் பார்த்து எழுதும் குறிப்பு) போட்டு, ஆஸ்பத்திரித் தாள்களை வாங்கி, "இன்னார் இன்ன குற்றம் செய்ததாகத் தெரிகிறது" என்று 193-ஆம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுக்கும் அறிக்கை. இறுதி அறிக்கை என்றும் இதற்குப் பெயர். இதுவும் போலீஸின் முடிவுதான், கோர்ட்டின் முடிவு அல்ல.

நாலாவது, நீதிபதி எழுதுகிற குற்றச்சாட்டு. சார்ஜ் ஃப்ரேம் பண்ணிட்டாங்க என்று வக்கீல்கள் சொல்வது இந்தக் கட்டத்தை. போலீஸ் கொடுத்த கட்டை, அதாவது வழக்குத் தாள்களின் தொகுப்பை, நீதிபதி படித்துப் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, "இந்த இந்தப் பிரிவுகளில் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது" என்று தன் கையெழுத்தில் எழுதுவது. போலீஸ் போட்ட பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஒன்றைக் கழிக்கலாம், ஒன்றைச் சேர்க்கலாம். வழக்கு நடப்பது நீதிபதி எழுதிய அந்தக் குற்றச்சாட்டின் மேல்தான். மூன்றாவதையும் நாலாவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் மக்களுக்கு முக்கால்வாசி சங்கடம் வருகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலானது என்று பேப்பரில் செய்தி வந்தவுடனேயே "முடிஞ்சு போச்சு, இனி ஜெயில்தான்" என்று ஊர் பேசத் தொடங்கிவிடும். அந்த நாளில் வழக்கு ஆரம்பிக்கக்கூட இல்லை.

குற்றச்சாட்டில் ஒவ்வொரு குற்றத்துக்கும் தனித் தலைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. இதற்கு நம் ஊர் வழக்கே நல்ல உதாரணம். 1908-இல் திருநெல்வேலியில் கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே முன்னால் வ.உ.சிதம்பரம் பிள்ளை நின்றபோது அவர் மேல் இரண்டு தலைப்புகள் இருந்தன. அரசுக்கு எதிராகப் பேசிய ராஜத்துரோகம் ஒன்று. சுப்பிரமணிய சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்தது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 20 ஆண்டு தீவாந்தர தண்டனை, அதாவது நாடு கடத்தல், விழுந்தது. வ.உ.சி.க்கு நாற்பது ஆண்டு என்று சொல்கிற வழக்கம் இந்த இரண்டையும் கூட்டி வந்ததுதான். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையை வெகுவாகக் குறைத்தது. ஒரு தலைப்பு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தாளிலும் தலைப்புகளை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வேலை: நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஸ்டேஷன் குற்ற எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு கோர்ட்டில் அலைந்தால் யாருக்கும் கட்டைத் தேடித் தர முடியாது. குற்றப்பத்திரிகையைக் கோர்ட் கோப்பில் எடுத்ததும் புது நம்பர் விழும். மாஜிஸ்திரேட்டே விசாரிக்கிற வழக்குக்கு சி.சி. நம்பர். சில்லறை வழக்குகளுக்கு எஸ்.டி.சி. கொலை, கொலை முயற்சி போல செஷன்ஸ் கோர்ட் விசாரிக்க வேண்டிய வழக்கென்றால் முதலில் பி.ஆர்.சி. என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருக்கும். காப்பி கொடுத்து முடித்து மேலே அனுப்பிய பிறகு எஸ்.சி. நம்பர் ஆகும். இவற்றோடு 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்றும் உண்டு. அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று வீட்டில் இருந்தே பார்க்கலாம். வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து "இன்னைக்கு கோர்ட் இல்லையே" என்று திரும்பிப் போகிற அலைச்சல் மிச்சம்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய வழக்கில் ஆஜராக வேண்டியவர்கள் கட்டு இப்போது எந்தக் கோர்ட்டில் இருக்கிறது என்பதையும் இதிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வேலை: முழுக் காப்பியையும் வாங்குங்கள்

இது உரிமை, சலுகை அல்ல. 230-ஆம் பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் காப்பியை இலவசமாகக் கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, சாட்சிகள் போலீஸிடம் சொன்ன வாக்குமூலங்கள், மாஜிஸ்திரேட்டிடம் யாராவது ரகசிய வாக்குமூலம் கொடுத்திருந்தால் அது, மற்ற ஆவணங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இப்போது மின்னணு வடிவத்திலும் தரலாம்.

காப்பி பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து கேட்பார்கள். அவசரப்படாதீர்கள். பக்கங்களை எண்ணுங்கள். குற்றப்பத்திரிகையில் உள்ள ஆவணப் பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பார்வை மகஜர் இருக்கிறதா? மாதிரி வரைபடம் இருக்கிறதா? அடிதடி வழக்கென்றால் ஆஸ்பத்திரியில் முதலில் எழுதின ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் காயச் சான்றிதழும் இருக்கின்றனவா? பல வழக்குகளில் உயிர்நாடியே அந்த ஏ.ஆர். காப்பிதான். "தெரிந்த நபர் கம்பால் அடித்தார்" என்று டியூட்டி டாக்டர் எழுதியிருப்பார். குற்றப்பத்திரிகையில் மூன்று பேர் அரிவாளோடு வந்ததாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இது கண்ணில் படும். ஏதாவது தாள் இல்லையென்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வக்கீல் மூலமாகச் சொல்லிவிடுங்கள்.

நாலாவது வேலை: உட்கார்ந்து படியுங்கள்

வக்கீலுக்குக் கொடுத்தாச்சே, நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சம்பவ இடத்தில் இருந்தவர் நீங்கள், வக்கீல் அல்ல. தேதி, நேரம், இடம், யாரை, எதனால், எப்படி: குற்றச்சாட்டில் இவை தெளிவாக இருக்க வேண்டும் என்று 234 முதல் 236 வரையுள்ள பிரிவுகள் சொல்கின்றன. எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். மாலை 6 மணி என்று எழுதியிருக்கும் நேரத்தில் நீங்கள் தாழையூத்தில் டியூட்டியில் இருந்திருந்தால் அதை உங்களால்தான் சொல்ல முடியும். பென்சிலால் ஓரத்தில் குறித்து வையுங்கள். அசல் காப்பியில் எழுதாமல் ஜெராக்ஸில் எழுதுங்கள்.

குற்றப்பத்திரிகைகளில் உங்களை "எதிரி" என்று எழுதியிருப்பார்கள். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாக வரும். பதற வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவரை அப்படி எழுதுவது இங்கே வழக்கம். வக்கீல்கள் ஏ1, ஏ2 என்பார்கள்.

அடுத்தது பிரிவு எண்கள். நம் பக்கத்தில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, கொடை விழாவில் வந்த தகராறு என்று எதுவானாலும் பெரும்பாலும் ஒரே மூன்று பிரிவுகள் சேர்ந்து வரும். 296(b) ஆபாச வார்த்தையால் திட்டியது, 115(2) காயம் ஏற்படுத்தியது, 351 மிரட்டியது. ஐ.பி.சி. காலத்தில் 294(b), 323, 506 என்று எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்த அதே மூன்றுதான். இதில் 351-க்குள் என்ன எண் போட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். 351(2) சாதாரண மிரட்டல், அதிகபட்சம் 2 ஆண்டு. 351(3) கொலை மிரட்டல் போன்றவை, 7 ஆண்டு வரை. "உன்னைக் கொன்னு போட்டிருவேன்" என்று ஒரு வரி புகாரில் இருந்தால் இரண்டாவது வந்துவிடும்.

இதனால் தண்டனை கூடுவது மட்டுமல்ல, வழக்கு நடக்கிற முறையே மாறிவிடும். 2 ஆண்டுக்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றம் இருந்தால் அது வாரண்ட் வழக்கு. அதில் நீதிபதி குற்றச்சாட்டை எழுத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் உண்டு. 2 ஆண்டு வரை மட்டும் என்றால் சம்மன் வழக்கு. 274-ஆம் பிரிவின்படி குற்றத்தின் சாரத்தை வாயால் சொல்லிக் கேட்பார்கள், முறையான குற்றச்சாட்டு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. மற்ற பிரிவுகளெல்லாம் அப்படியே இருக்க, அந்த ஒரே ஒரு எண்ணால் வழக்கு ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் போகிறது. அதனால்தான் "என் மேல் என்ன செக்‌ஷன்?" என்று வக்கீலிடம் வாய்விட்டுக் கேளுங்கள் என்கிறேன். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைச்சலும் இல்லை.

ஐந்தாவது வேலை: குற்றச்சாட்டு பதிவு நாளுக்கு முன்னால்

போலீஸ் கட்டைப் படித்தாலே வழக்கில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் விடுவிப்பு மனு போடலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 262-ஆம் பிரிவு. காப்பி கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். செஷன்ஸ் வழக்கென்றால் 250-ஆம் பிரிவு. மேல் கோர்ட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து 60 நாள். பழைய சட்டத்தில் இந்தக் கெடு கிடையாது. புதிதாக வந்தது என்பதால் பலர் கோட்டை விட்டுவிடுகிறார்கள். வழக்கையே ரத்து செய்யக் கேட்பது வேறு. அதற்கு 528-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். 2004-இல் அந்தக் கிளை வந்த பிறகு நமக்குச் சென்னைப் பயணம் இல்லை.

விடுவிப்பும் விடுதலையும் ஒன்றல்ல என்பதை இங்கே நினைவில் வையுங்கள். விசாரணை தொடங்காமலே "இவர் மேல் வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை" என்று அனுப்புவது விடுவிப்பு. புது ஆதாரம் வந்தால் மறுபடியும் வழக்கு வர இடம் உண்டு. சாட்சிகளை விசாரித்து முடித்து "குற்றவாளி அல்ல" என்று தீர்ப்பு சொல்வது விடுதலை. அது இருக்கும்வரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது.

ஆறாவது: அந்த நாளில், அந்தக் கேள்விக்கு

பெயரைக் கூப்பிடுவார்கள். முன்னால் போய் நிற்பீர்கள். நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, விளக்கி, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். மொத்தமே சில நிமிடம்தான். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் மிகவும் மன்றாடிச் சொல்ல விரும்பும் இடம் இதுதான்.

குற்றச்சாட்டு நீதிமன்ற மொழியில் எழுதப்பட வேண்டும், உங்களுக்குப் புரியும்படி விளக்கப்பட வேண்டும். புரியவில்லையென்றால் "ஐயா, எனக்கு விளங்கல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கலாம். பெண் நீதிபதியானால் அம்மா. அதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள். செய்யவில்லையென்றால் "இல்லை, நான் செய்யவில்லை, வழக்கை நடத்துகிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கதை சொல்ல வேண்டாம். எதிர்த்தரப்பு எப்படிப்பட்டவர் என்று விவரிக்க வேண்டாம். அதற்கெல்லாம் பின்னால் நேரம் வரும்.

"ஒத்துக்கிட்டா ஐந்நூறோ ஆயிரமோ ஃபைனோட போயிரும், எத்தனை நாளைக்கு அலையப் போற?" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது சட்டப்படி தண்டனைத் தீர்ப்பு. போலீஸ் வேலைக்கும் ரயில்வேக்கும் ராணுவத்துக்கும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பாளையங்கோட்டையில் எத்தனை பேர்! வேலை கிடைத்து நடத்தைச் சரிபார்ப்பு வரும்போது அந்தத் தீர்ப்பு குறுக்கே வந்து நிற்கும். மறைத்துவிடலாம் என்று நினைப்பது இன்னும் மோசம். படிவத்தில் வழக்கை மறைத்ததற்காகவே வேலையிலிருந்து நீக்க முடியும். செய்தது உண்மையென்றால் ஒப்புக்கொள்வது உங்கள் விருப்பம். அதை வக்கீலிடம் பேசி, பின்விளைவு தெரிந்து செய்யுங்கள். அலைச்சலுக்குப் பயந்து செய்யாததை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குற்றச்சாட்டு ஒரு முறை எழுதியாகிவிட்டால் மாறாது என்றும் இல்லை. தீர்ப்பு சொல்வதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் நீதிபதி அதைத் திருத்தலாம், புதிதாகச் சேர்க்கலாம் (239). அப்படி மாற்றினால் உங்களுக்கும் படித்துக் காட்ட வேண்டும். ஏற்கனவே விசாரித்த சாட்சியை மறுபடி அழைத்துக் கேட்கவும் இடம் உண்டு.

உள்ளே இருப்பவருக்காக அலைகிறவர்கள் கவனிக்க

உங்கள் வீட்டுப் பிள்ளை பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் இருந்தால் குற்றப்பத்திரிகைத் தேதி மிக முக்கியம். ரிமாண்ட் ஆன, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட, நாளிலிருந்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். மரணம், ஆயுள், அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கு 90 நாள். சில தனிச் சட்டங்களில் கெடு வேறு. இது தானாகக் கிடைக்காது, மனு போட வேண்டும். நீங்கள் மனு போடும் முன்னால் குற்றப்பத்திரிகை உள்ளே போய்விட்டால் அந்த உரிமை போய்விடும். ஆகவே காலண்டரில் ரிமாண்ட் தேதியை வட்டம் போட்டு வையுங்கள்.

புகார் கொடுத்தவர் நீங்கள் என்றால்

எஃப்.ஐ.ஆர். காப்பி உங்களுக்கு இலவசம். பதிவு செய்ய மறுத்தால் மாநகர எல்லைக்குள் ஆணையருக்கும், மற்ற இடங்களில் எஸ்.பி.க்கும் எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை, 193-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வக்கீல் வைத்திருந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் குற்றப்பத்திரிகைக் காப்பி உண்டு.

சில சமயம் குற்றப்பத்திரிகைக்குப் பதிலாக ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒன்று வரும். வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்று போலீஸ் சொல்வது அது. "பொருண்மைப் பிழை", "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று ஏதாவது காரணம் இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். உங்களைக் கேட்காமல் அந்த முடிவைக் கோர்ட் ஏற்கக் கூடாது என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் முன் எதிர்ப்பு மனு போடலாம்.

செக் பவுன்ஸ் போன்ற தனியார் புகார் வழக்குகளில் போலீஸ் குற்றப்பத்திரிகை என்ற பேச்சே கிடையாது. அது வேறு பாதை.

எழுதும்போதும் பேசும்போதும்

வாட்ஸப்பில் ஊர்க் குழுவில் செய்தி போடுகிறவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கடைப்பிடியுங்கள். எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் "புகாரில் பெயர் உள்ளவர்". குற்றப்பத்திரிகைக்குப் பின் "குற்றம் சாட்டப்பட்டவர்". தீர்ப்பில் தண்டனை வந்த பிறகே "குற்றவாளி". ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கும் வீட்டில், அண்ணன் மேல் எஃப்.ஐ.ஆர். போட்ட மறுநாளே "குற்றவாளி" என்று போட்டோவோடு செய்தி பரவினால் பின்னால் வரும் விடுதலைத் தீர்ப்பு எதையும் திருப்பித் தராது. குற்றப்பத்திரிகையைப் படமெடுத்துப் பரப்புவதும் கூடாது. அது பொது ஆவணம் அல்ல, இணையத்தில் எல்லோருக்குமாக ஏற்ற வேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதில் சாட்சிகளின் பெயரும் முகவரியும் இருக்கும்.

அமெரிக்கச் செய்திகளில் இண்டைட்மெண்ட் என்று வருவதையும் நம் பத்திரிகைகள் குற்றப்பத்திரிகை என்றே எழுதுகின்றன. அங்கே அது கிராண்ட் ஜூரி என்ற பொதுமக்கள் குழு ஆதாரத்தைக் கேட்டுவிட்டு ஒப்புதல் தருவது. ஃபெடரல் வழக்கில் 16 முதல் 23 பேர் இருப்பார்கள், குறைந்தது 12 பேர் சம்மதிக்க வேண்டும். இங்கிலாந்தே 1933-இல் அந்தக் குழுவை எடுத்துவிட்டது. இங்கே அப்படி ஒரு குழு இல்லை. போலீஸ் அறிக்கை, அப்புறம் நீதிபதி, அவ்வளவுதான்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா?

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். தாலுகா கோர்ட் இருக்கும் ஊர்களில் வட்ட அளவிலான குழுவும் இருக்கிறது. போகும்போது ஆதார் நகல், சம்மன் அல்லது எஃப்.ஐ.ஆர். காப்பி, சி.சி. நம்பர், அடுத்த வாய்தாத் தேதி இவற்றைக் கொண்டு போங்கள். வாய்தாவுக்கு முந்தின நாள் போகாமல் ஒரு வாரம் முன்னாலேயே போனால், வக்கீல் கட்டைப் படித்துவிட்டு உங்களோடு வந்து நிற்க நேரம் இருக்கும்.